பதினேழாம் எண் டோக்கனும் ஒரு மூடி பருப்புச் சோறும்

விதி 4(அ): "கைக்குழந்தையுடன் வருபவர்கள், குழந்தைக்கு வேண்டிய உணவு, பால், தண்ணீர் ஆகியவை உள்ள பையை உடன் எடுத்துச் செல்லலாம்."

புனேயின் பழைய நகரத்து ஓரத்தில் இருக்கும் ஒரு சிறிய தனியார் அருங்காட்சியகத்தின் வாசல் பலகையில் இந்த விதி மராத்தியில் எழுதப்பட்டிருக்கிறது. நல்ல விதி. ஐயத்துக்கு இடமில்லாத வாசகம். அதற்கு நேர் மேலே விதி 4 இருக்கிறது: பார்வையாளர்கள் எல்லாப் பைகளையும் வாசலில் ஒப்படைத்து டோக்கன் பெற்றுக்கொள்ள வேண்டும். நான் விதி 4 வரை படித்தேன்.

மராத்தி எனக்குத் தெரியாது. ஆனால் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருந்ததால், கட்டாய இந்தித் தேர்வுகள் மூன்றையும் எழுதித் தேறியவன். எழுத்துக் கூட்டினால் மராத்திப் பலகையில் முக்கால்வாசி பிடிபடும். முப்பத்தாறு ஆண்டுப் பணியில் கடைசிப் பதினொரு ஆண்டு நிர்வாகப் பிரிவு: விடுப்பு, மாறுதல், ஒழுங்கு நடவடிக்கை. உட்பிரிவைப் படிக்காமல் கோப்பை நகர்த்தியவர்களிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்புவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. இந்தப் பயணக் குறிப்பை, எனக்கு நானே அனுப்பிக்கொண்ட குறிப்பாணைக்கு எழுதும் விளக்கமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

திருச்சியிலிருந்து நான் புனே போய் இறங்கியது பிப்ரவரி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மகள் நித்யாவின் வீடு மகர்பட்டாவில், பதினோராவது மாடியில். மாப்பிள்ளைக்கு அலுவலக வேலையாக ஜெர்மனியில் நான்கு மாதம். என் மனைவிக்குப் பெங்களூரில் மகன் வீட்டில் பணி. அங்கே இரட்டைக் குழந்தைகள் என்பதால் ஆள் விடுவிக்கப்படவில்லை. ஆகவே நான். பொறுப்பேற்க வேண்டிய பொருள் பேத்தி தாரா, எட்டரை மாதம், கீழே இரண்டு பல், ஒரு நாளைக்கு மூன்று வேளை திட உணவு.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போதே நித்யா நிபந்தனையைச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை ஒரு நாள் ஆபீஸுக்குப் போயிட்டு வரேன். நீங்க தாராவைத் தனியா சமாளிச்சிட்டீங்கன்னா திங்கக்கிழமை ஜாயின் பண்றேன். இல்லேன்னா லீவை நீட்டிக்கச் சொல்லி மெயில் போட்டுடுவேன். சம்பளமில்லாத லீவு, நாலு மாசம்."

"நாலு மாசம் கழிச்சு?"

"நாலு மாசம் கழிச்சு என் சீட்டுல வேற யாராவது இருப்பாங்க. என்னை ஏதாவது ஒரு மூலையில போடுவாங்க."

ஒன்பது ஆண்டு உழைத்துப் பிடித்த நாற்காலி அது. வெள்ளிக்கிழமைக்குள் நான் தேற வேண்டும். அலுவலகம் நகரின் மறுகோடியில், வாகட் தாண்டி. காரில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து அவள் ஓடிவந்து உதவ முடியாது. இன்னொரு சிக்கல்: அதே வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில் கரப்பான் மருந்து அடிக்க ஆள் வருகிறார். மூன்று மணி வரை குழந்தை உள்ளே இருக்கக் கூடாது. தேதியை மாற்றினால் அடுத்த முறை இரண்டு வாரம் கழித்துத்தான். ஐந்து மணி நேரம் குழந்தையோடு நான் வெளியே இருந்தாக வேண்டும்.

"சமாளிச்சிடலாம். நாலு நாள் இருக்கு. பயிற்சி எடுத்துக்கறேன்" என்றேன்.

திங்கட்கிழமை முதல் பயிற்சி, குடியிருப்புக்குள்ளேயே இருக்கும் பூங்காவுக்கு. தூரம் முந்நூறு அடி. எடுத்துப் போனது ராகிக் கூழ், வேகவைத்து மசித்த கேரட், கழுத்தில் கட்டும் துணி, மாற்றுச் சட்டை இரண்டு, டயப்பர் மூன்று, விரிப்பு, கொசுவலைக் குடை, காய்ச்சல் மருந்து, வெந்நீர்க் குடுவை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு மராத்திப் பெண்கள் என் பையைப் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளிடம் மராத்தியில் சொன்னது, இந்தியை வைத்து எனக்கு ஒருவாறு புரிந்தது: "பாவம், மகள் வீட்டில் சண்டை போலிருக்கிறது. ஊருக்கே கிளம்பிவிட்டார்."

இத்தனையும் எடுத்துப் போனவன் கரண்டியை எடுத்துப் போகவில்லை. பதினோரு மாடி ஏறி இறங்கினேன். லிஃப்ட் உண்டு என்றாலும் பள்ளிக்கூடம் விடும் நேரம். ஒவ்வொரு மாடியிலும் நின்றது. திரும்பி வருவதற்குள் தாரா என் சட்டைப்பையில் இருந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் தின்ன ஆரம்பித்திருந்தாள். அவளைக் கூடவே எடுத்துக்கொண்டு போனேனே தவிர, பெஞ்சுப் பெண்களிடம் விட்டுப் போகவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் கேம்ப் கடைவீதிக்குப் போனோம், நேந்திரம்பழமும் இரண்டாவது கரண்டியும் வாங்க. புனே ஆட்டோக்காரர்கள் மீட்டர் போடுகிறார்கள். திருச்சிக்காரனான எனக்கு இது வெளிநாடு. ஆனால் வேகத்தடைகள் நம் ஊரைவிட அதிகம். ஒவ்வொரு தடைக்கும் ஓட்டுநர் முன்கூட்டியே "சாஹேப், பிடித்துக்கொள்ளுங்கள்" என்பார். நான் குழந்தையைப் பிடித்தேன். ராகியை யாரும் பிடிக்கவில்லை. இறங்கிப் பார்த்தால் பைக்குள் எல்லாம் ராகி: சட்டை, டயப்பர், தடுப்பூசி அட்டை. அட்டையில் மார்ச் மாதத்து ஊசி இருந்த கட்டம் மட்டும் மறைந்திருந்தது. கூழ் பயணத்துக்கு ஏற்றதல்ல என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். ராகி மாவை உலர்ந்த டப்பாவிலும் வெந்நீரைக் குடுவையிலும் தனித்தனியே கொண்டுபோய் அங்கே கலக்க வேண்டும். மூடிக்கு மறை இருக்க வேண்டும். வெறுமனே அழுத்தி மூடும் டப்பா எதையும் நம்பக் கூடாது. இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லை.

கேம்பில் ஒரு பழைய இரானிக் கடையில் பன் மஸ்காவும் சாயாவும் சாப்பிட்டேன். வெண்ணெயைச் சிக்கனம் பார்க்காமல் தடவுகிறார்கள். தாராவுக்கு நேந்திரம்பழத்தைக் கரண்டியால் சுரண்டிக் கொடுத்தேன். பழத்தின் சிறப்பு, அது தன் டப்பாவோடு வருகிறது.

புதன்கிழமை பழைய நகரம். அங்கே ஜவ்வரிசிக் கிச்சடி நன்றாக இருக்கும் என்று நித்யா சொல்லியிருந்தாள். உண்மைதான்: வேர்க்கடலைப் பொடி, பச்சைமிளகாய், மேலே கொஞ்சம் தேங்காய். தாரா மேசை மேல் உட்கார்ந்து, வீட்டில் உப்பில்லாமல் செய்து எடுத்துப் போன இட்லியைச் சாப்பிட்டாள். கால் பங்கு வயிற்றுக்கு, மீதி அந்தக் கடைக்கு. முதலாளி அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஒரு மணி ஆனதும் என் தட்டுக்கு அருகில் வந்து நின்றார். "இன்னும் ஐந்து வாய் இருக்கிறது" என்றேன். "மூன்றில் முடியும்" என்றார். முடித்தேன். வெளியே வந்தால் தெருவில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. நான்கு மணி வரை இப்படித்தானாம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வருவார்களாம். திருச்சியில் நடுப்பகலில் ஒரு கடை பூட்டியிருந்தால் பூமாலை வாங்கிக்கொண்டுதான் போவோம். கடைக்காரர்களின் வசதிக்கு நடக்கும் நகரம் என்று அன்று இரவு நித்யாவிடம் கிண்டல் செய்தேன்.

வியாழக்கிழமை வெளியே போகவில்லை. மூன்று நாள் அனுபவத்தைத் தொகுத்துப் பட்டியல் தயாரித்தேன். மூன்று பகுதி: உண்பவை, உண்பிப்பதற்கானவை, உண்டபின் தேவைப்படுபவை. ஒவ்வொன்றுக்கும் பைக்குள் இடம் குறித்தேன். குழந்தை மருத்துவர் விதித்த கட்டுப்பாடுகளைத் தனி இணைப்பாகச் சேர்த்தேன்: புதிய உணவு ஒன்று கொடுத்தால் மூன்று நாள் வேறு புதிது கூடாது, ஒரு வயது வரை உப்பு கூடாது, சர்க்கரை கூடாது, தேன் கூடவே கூடாது. இதுவரை தேறிய உணவுகளின் வரிசையும் அதில் இருந்தது: அரிசி, உளுந்து, துவரம்பருப்பு, நெய், மஞ்சள், பெருங்காயம், ராகி, கேரட், ஆப்பிள், நேந்திரம்.

நித்யாவைப் பட்டியலில் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

"எதுக்கு?"

"சரிபார்த்ததுக்கு."

"அப்பா, இது ஏவுகணை இல்ல. குழந்தை" என்றாள். ஆனாலும் போட்டாள். பையை எடை பார்த்தோம். ஐந்து கிலோ எண்ணூறு. தாரா எட்டு கிலோ.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நித்யா கிளம்பினாள். பத்து மணிக்கு மருந்துக்காரர் வந்தார். பதினொன்றரைக்கு நானும், நெஞ்சில் கட்டிய பையில் தாராவும், தோளில் தொங்கும் பையோடு அருங்காட்சியக வாசலில் இருந்தோம். இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. உள்ளே குளிர்ச்சி, பின்னால் மரங்கள் அடர்ந்த தோட்டம், சுத்தமான கழிப்பறை.

வாசல் காவலாளி தாராவைப் பார்த்துக் கன்னத்தைத் தொட்டுவிட்டு, இந்தியில், "போங்க, போங்க, பாப்பாவோட பைதானே" என்றார்.

இங்கேதான் நான் பலகையைப் படித்தேன்.

"விதி நான்குபடி எல்லாப் பைகளையும் ஒப்படைக்க வேண்டுமே?" என்றேன்.

"பரவாயில்லை, சாஹேப். பாப்பா இருக்கே."

"பரவாயில்லை என்பது விதியில் எங்கே இருக்கிறது? நாளைக்கு ஒருத்தர் பாப்பாவோடு வெடிகுண்டு கொண்டுவந்தால் பரவாயில்லை என்பீர்களா?"

காவலாளி என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு கவுண்டரைக் காட்டினார். அங்கே இருந்தவரிடம் பையைக் கொடுத்து டோக்கன் கேட்டேன். "டோக்கன் எதற்கு, இருப்பது ஒரே பை" என்றார். விடவில்லை. இழுப்பறையைக் குடைந்து பித்தளை வில்லை ஒன்றைத் தேடி எடுத்தார். எண் பதினேழு. நிறைவோடு உள்ளே போனேன்.

பழைய விளக்குகள், பாக்குவெட்டிகள், வாத்தியங்கள் எல்லாம் பார்த்தோம். தாரா பன்னிரண்டே காலுக்குத் தூங்கிவிட்டாள். ஒரு மணிக்கு மணியடித்து, எங்களைப் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பெஞ்சில் உட்கார்ந்தேன். இன்னும் இரண்டு மணி நேரம். வேலை முடிந்தது மாதிரிதான் என்று நினைத்தேன்.

ஒன்று இருபதுக்கு விழித்தாள். விழித்த கணமே பசி. நான் தோட்டத்தைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தேன். கவுண்டர் ஷட்டர் இறங்கிப் பூட்டியிருந்தது.

"நாலு மணிக்கு வருவார்" என்றார் காவலாளி.

"சாவி?"

"அவரிடம்."

"போன் செய்யுங்கள்."

"தூங்கும்போது அணைத்துவைத்துவிடுவார், சாஹேப்." பிறகு, ஒரு சாட்சிக்குரிய நிதானத்தோடு, "நான் எடுத்துப் போகச் சொன்னேன்" என்றார்.

வெளியே போய்ப் பார்த்தேன். மருந்துக் கடை பூட்டு. மளிகைக் கடை பூட்டு. வாழைப்பழத் தள்ளுவண்டி தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டி நின்றது, ஆளைக் காணோம். வீட்டுக்குப் போனால் மருந்து நெடி. என் கையில் இருந்தவை: ஒரு குடை, ஒரு கைபேசி, டோக்கன் எண் பதினேழு. தாரா இப்போது முழுக் குரலில் அழுதாள். எட்டு கிலோவில் இவ்வளவு சத்தம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. முகம் சிவந்து, மூச்சை இழுத்துப் பிடித்து, அடுத்த அலறலுக்கு முன் ஒரு வினாடி நிசப்தம் வருமே, அந்த வினாடியில் எனக்கு வியர்த்தது. பணிக்காலத்தில் எந்த விசாரணையிலும் எனக்கு வியர்த்ததில்லை.

அப்போது போன் அடித்தது.

"அப்பா, அழறாளா?"

"பசி."

"குடுங்களேன்."

"பை உள்ள இருக்கு."

"எதுக்கு உள்ள?"

"ஒப்படைக்கணும்னு விதி. கவுண்டரைப் பூட்டிட்டுப் போயிட்டான். நாலு மணிக்குத்தான்..."

அவள் குழந்தையின் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் கிளம்பி வரேன்" என்று வைத்துவிட்டாள்.

தோட்டத்துக்குத் திரும்பினேன். தாராவைத் தோளில் போட்டு, "வந்துடும்டா குட்டி, இதோ வந்துடும்" என்று பொய் சொல்லிக்கொண்டே நடந்தேன். மரத்தடியில் பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு பெண், தோட்ட வேலைக்காரர், ஐம்பது வயதிருக்கும், டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். என் தமிழைக் கேட்டு நிமிர்ந்தார்.

"தமிழா ஸார் நீங்க? புள்ள பசில கத்துது, நீங்க என்ன வாக்கிங் போயிட்டிருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஆளு நாலு மணிக்குத்தான் வருவான். சாவியும் அவன்கூடவே தூங்கும்" என்றார். "புள்ள என்ன சாப்புடும்?"

"ராகி, இட்லி, பருப்பு சாதம்..."

"அப்புறம் என்ன? என் டப்பால வரண்-பாத் இருக்கு. நம்ம பருப்பு சாதந்தான். உக்காருங்க."

நான் உட்காரவில்லை. இணைப்பு எனக்கு மனப்பாடம்.

"என்ன பருப்பு?"

"தூர் டால்."

துவரை. தேறியது.

"வேற என்ன போட்டிருக்கீங்க?"

"ஹல்தி. ஹிங். மேல கொஞ்சம் தூப், நெய்யி."

மஞ்சள், பெருங்காயம், நெய். மூன்றும் தேறியவை.

"மிளகாய்?"

"மிர்ச்சி ஊறுகாய் வேற டப்பால இருக்கு. அது எனக்கு. ஸார், நீங்க போலீஸா?"

"உப்பு?"

அந்த அம்மாள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "உப்பில்லாம சமைக்கறதுக்கு நான் என்ன ஆஸ்பத்திரியா நடத்தறேன்?"

தாரா என் காதுக்குள் அலறினாள். ஒரு வயது வரை உப்பு கூடாது. நித்யாவின் கையெழுத்துக்கு மேலே, என் கையால், தடித்த எழுத்தில் எழுதியது. நான் அந்த டப்பாவைப் பார்த்தேன். குழந்தையைப் பார்த்தேன். அவள் கீழுதடு நடுங்கிக்கொண்டிருந்தது; அழுவதற்கும் தெம்பு குறைந்து வந்தது.

"குடுங்கம்மா" என்றேன்.

அவர் எழுந்து குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு, என் கண் எதிரே, முழங்கை வரை கழுவினார். "பாத்துக்குங்க, அப்புறம் கேள்வி கேக்கக் கூடாது." ஊறுகாய்ப் பக்கம் போகாத ஓரத்திலிருந்து சோறெடுத்து, டப்பா மூடியில் வைத்து விரலால் மசித்து, நெல்லிக்காயளவு உருட்டி நீட்டினார். தாரா அழுகையை நிறுத்தினாள். வாயைத் திறந்தாள். விழுங்கினாள். மறுபடி திறந்தாள். நான்கு நாளாக இரண்டு வண்ணக் கரண்டிகளோடு விமானம் ஓட்டியும் கப்பல் விட்டும் நான் ஊட்டியதில், இந்த வேகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

காவலாளி சீல் உடைக்காத தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

"செல்வி."

"எந்த ஊரு?"

"கோர்படி. இங்க புனேலதான்."

"அதில்ல, சொந்த ஊரு?"

"அதான் சொல்றேனே, கோர்படி. தாத்தா மிலிட்டரி பேக்டரி வேலைக்கு வந்தாரு. வேலூர்ப் பக்கம்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல." தாராவின் வாயைத் தன் விரலால் துடைத்தார். "நீங்க சாப்டீங்களா அண்ணா? சப்பாத்தி இருக்கு, லஜ்ஜை படாதீங்க."

சாப்பிட்டேன். ஊறுகாயும் போட்டுக்கொண்டேன். மகளுக்கு, "சாப்பிட்டுவிட்டாள்" என்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

நித்யா மூன்றே காலுக்கு ஓடிவந்தாள். செல்வி தன் சால்வையை நான்காக மடித்து விரித்திருந்ததில், மூக்கு நுனியில் பருப்போடு தாரா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நீதான் அம்மாவா? மெதுவா வா. இப்பத்தான் தூங்குச்சு" என்றார் செல்வி.

நித்யா புல்லில் உட்கார்ந்து குழந்தையின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம், "மெயில் போட்டுட்டேன் அப்பா. டாக்ஸியில ஏறும்போதே போட்டுட்டேன்" என்றாள்.

நான்கு மாதம். நாற்காலி போயிற்று.

காவலாளி வந்து அவளிடம் மராத்தியில் தன் தரப்பைச் சொன்னார். தான் உள்ளே எடுத்துப் போகச் சொன்னதையும், நான் வெடிகுண்டு பற்றிக் கேட்டதையும், டோக்கன் வாங்காமல் நகர மறுத்ததையும் விடாமல் சொன்னார். நித்யா எழுந்துபோய்ப் பலகையைப் படித்துவிட்டு வந்தாள். ஒன்பது ஆண்டாக இந்த ஊரில் இருப்பவள், சரளமாகப் படிப்பாள். 4(அ)வைத் தமிழில் எனக்குச் சொன்னாள். ஒன்று முதல் நான்கு வரை கவுண்டர் மூடியிருக்கும் என்பது விதி ஒன்பது என்பதையும் சொன்னாள். புகார் எழுத வழியே இல்லை. வலுவில்லாத கோப்பு என்னிடம் வந்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும்.

நான்கு மணிக்குக் கவுண்டர்காரர் தலை சீவிப் பவுடர் போட்டு வந்தார். டோக்கனைச் சரிபார்த்து, பேரேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பையைக் கொடுத்தார். ஐந்து கிலோ எண்ணூறு. ஒரு கிராம் குறையவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் நித்யா கேட்டாள்: "அவங்க சாப்பாட்டுல உப்பு போட்டிருந்தாங்களா?"

"ஆமா."

"தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"கேட்டேன். போட்டிருக்கேன்னாங்க. குடுங்கன்னேன்."

"நீங்களா?"

"நான்தான்."

பள்ளிக்கூட நாட்களில் அத்தை மகன் கல்யாணத்துக்குப் போக, காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் எழுதித் தரும்படி என்னிடம் இவள் ஒரு வாரம் கெஞ்சியிருக்கிறாள். காய்ச்சல் இல்லாதவளுக்குக் காய்ச்சல் என்று எழுத மாட்டேன் என்று சொல்லி, கல்யாணத்துக்கே போகவிடாமல் செய்தவன் நான். அதை அவள் இப்போது நினைத்திருக்க வேண்டும். வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீங்க எதையாவது மறந்துடுவீங்கன்னு நான் பயப்படவே இல்லப்பா. நீங்க எதையும் மறக்க மாட்டீங்க. அவ அழுதுக்கிட்டு இருப்பா, நீங்க லிஸ்ட்டைப் பாத்துக்கிட்டு நிப்பீங்க. அதுதான் என் பயம். போன்ல அவ அழுகையும் நீங்க விதின்னு சொன்னதும் ஒண்ணா கேட்டுச்சு பாருங்க. அவ்வளவுதான்னு முடிவு பண்ணிட்டேன்."

நான் தாராவின் மூக்கில் காய்ந்திருந்த பருப்பைத் துடைத்தேன்.

"திங்கக்கிழமை நான் போறேன்" என்றாள்.

"மெயில்?"

"வாபஸ் வாங்கிக்கறேன்."

இந்த இடத்தில் என் துறை வந்தது. ஒப்புதல் அளிக்கப்படும் முன் திரும்பப் பெறப்பட்ட விடுப்பு விண்ணப்பம் செய்யப்படாததாகவே கருதப்பட வேண்டும் என்று விளக்கினேன். சனிக்கிழமை காலை அவள் எழுதிய இரண்டாவது மெயிலின் வாசகமும் என்னுடையதுதான். உடனே தானியங்கிப் பதில் வந்தது: கோரிக்கைகள் வந்த வரிசைப்படி பரிசீலிக்கப்படும். நல்ல நடைமுறை என்றேன். நித்யா என்னை முறைத்தாள்.

திங்கட்கிழமை அவள் போனாள். அன்றும் மறுநாளும் தாராவுக்கு எந்த ஒவ்வாமையும் இல்லை. ஒரு மூடி உப்புச் சோற்றை உடம்பு மன்னித்துவிட்டது. மருத்துவரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, வழக்கமாக்காதீர்கள் என்றார். வழக்கமாக்கவில்லை.

அதன்பின் வாரத்தில் மூன்று நாளாவது வெளியே போனோம். பையில் இப்போது மறைமூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று, ஈரத்துணி, தண்ணீர், ஒரு சட்டை, இரண்டு டயப்பர். கரண்டி உண்டு, மறந்தாலும் கை கழுவ இடம் இருந்தால் போதும். ஒன்றேகால் கிலோ. பட்டியல் குளிர்பதனப் பெட்டிக் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது; அதன் மேல் பால்காரர் எண்ணை நித்யா எழுதியிருக்கிறாள்.

அவளுடைய இரண்டு மெயில்களுக்கும் வாரக்கணக்கில் பதில் இல்லை. அவள் தினமும் போனாள், வந்தாள். மார்ச் இறுதியில் ஒரு புதிய குழுவுக்கு அவளைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். பிறகு ஒருநாள் பிற்பகல், நான் கேம்பில் அந்த இரானிக் கடையில் தாராவுக்குச் சப்போட்டா மசித்துக்கொண்டிருந்தபோது, நித்யாவிடமிருந்து ஒரு மெயில் முன்னனுப்பப்பட்டு வந்தது. மனிதவளப் பிரிவு அவளுடைய முதல் கோரிக்கையைப் பரிவோடு பரிசீலித்து, கேட்டபடி நான்கு மாத விடுப்பை, அந்தத் திங்கட்கிழமையிலிருந்தே அமலாகும்படி அனுமதித்திருந்தது. குழந்தையோடு இந்தப் பொன்னான நாட்களை மகிழ்ச்சியாகக் கழிக்கும்படி வாழ்த்தியும் இருந்தது.

அதற்குக் கீழே நித்யா எழுதியிருந்தாள்: "அப்பா, ரூல்படி நான் இப்ப லீவுல இருக்கேன். என்ன பண்ணட்டும்?"

முப்பத்தாறு ஆண்டு அனுபவத்தில் இதற்கு நான்கு பக்கம் பதில் எழுதியிருப்பேன். "வேலையைப் பார்" என்று மட்டும் அனுப்பினேன். அன்று ஏப்ரல் ஒன்பது; விதிப்படி விடுப்பில் இருந்த அவள், தன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.